முன்னோரின் மெட்டில் வேரியேஷன் எழுதும் இளையோருக்கு

அன்புள்ள இளம் நண்பர்களே,

பியானோவுக்குச் சொந்தமாக எழுதத் தொடங்கும்போது உங்களில் பலரும் முதலில் கைவைப்பது வேரியேஷனில்தான். நல்ல தேர்வு. சொனாட்டா என்றால் எங்கே தொடங்குவது, எங்கே திரும்புவது, எப்படி முடிப்பது என்று எல்லாமே உங்கள் தலையில் விழும். இங்கே ஒரு பெரியவர் எட்டோ பதினாறோ பார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்மேல் உங்களுக்குப் பிரியம் இருக்கிறது. அந்தப் பிரியத்திலேயே நாலு பக்கம் ஓடிவிடும். சிக்கல் ஐந்தாம் பக்கத்தில்தான்.

உங்கள் ஸ்கோர்கள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஷோப்பனின் சி மைனர் பிரெலூட் அடிக்கடி வருகிறது. மொஸார்ட் வருகிறார், ஷூபர்ட் வருகிறார், துணிந்த ஓரிருவரிடம் பாஹ். தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

நான் பார்த்தது இது. முதல் வேரியேஷனில் மெட்டு க்வேவரில் ஓடுகிறது. இரண்டாவதில் டிரிப்லெட். மூன்றாவதில் செமிக்வேவர். தீம் மேஜர் என்றால் நான்காவது மைனர், மெதுவாக, கொஞ்சம் கண்ணீரோடு. ஐந்தாவதில் ஆக்டேவ்களும் ஃபோர்ட்டிஸிமோவும். இந்த ஐந்திலும் இடது கைக்கு ஒரே உத்தியோகம்: தீமில் இருந்த கார்டுகளை வரிசை மாறாமல் தாங்கிக்கொண்டு நிற்பது. எல்லா அலங்காரமும் வலது கைக்கு. நொட்டேஷன் மென்பொருளில் தீம் முழுவதையும் காப்பி செய்து ஒட்டிவிட்டு, மேல் வரியை மட்டும் திருத்திக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்பது பார்த்ததும் தெரிகிறது.

இது சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். நம் காது அப்படி வளர்ந்தது. தியாகராஜர் கிருதி ஒன்றில் பல்லவியின் முதல் வரி சங்கதிமேல் சங்கதியாக விரிவதைச் சிறு வயதிலிருந்து கேட்டவர்களுக்கு, ‘ஒரு வரியை வளர்ப்பது’ என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். அங்கே சாகித்யமும் ராகமும் தாளமும் அசையாமல் நிற்கின்றன, மெட்டு வளர்கிறது. கீழே ஹார்மனி கிடையாது, ஆகவே வளரக்கூடியது மெட்டு மட்டுமே. பியானோவில் நிலைமை வேறு. அங்கே மெட்டுக்குக் கீழே இன்னொரு ஆள் நடந்துகொண்டிருக்கிறார். அவர் பெயர் பாஸ். அவரை நீங்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

பிராம்ஸ் கவனித்தார். 1869இல் தன் நண்பர் அடால்ஃப் ஷூப்ரிங்குக்கு எழுதிய கடிதத்தில், வேரியேஷனுக்கான ஒரு தீமில் தனக்கு ஏறக்குறைய பாஸ் மட்டுமே முக்கியம் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். பாஸ் அவருக்குப் புனிதம், அதன்மேல்தான் கட்டடம். மெட்டைத் தொட்டு நகாசு வேலை செய்வதில் புதிதாக எதையும் உண்டாக்க முடியாது, பாஸின்மேல் நின்றால் புது மெட்டுகளைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கட்சி. கடிதத்தில் சொல்வது எளிது. அவர் எட்டு வருடம் முன்பே அதைச் செய்து காட்டிவிட்டிருந்தார் என்பதால்தான் அதற்கு எடை.

1861 செப்டம்பர். ஹாம்பர்க்கின் புறநகரான ஹாமில் தங்கியிருந்த பிராம்ஸுக்கு அப்போது 28 வயது. அந்த மாதம் 13ஆம் தேதி கிளாரா ஷூமானின் பிறந்தநாள். பரிசாக அவர் எழுதியது ஹாண்டலின் தீம் ஒன்றின்மேல் 25 வேரியேஷன்களும் ஒரு ஃப்யூகும், ஓபஸ் 24. அதே ஆண்டு டிசம்பரில் கிளாரா அதை ஹாம்பர்க்கில் வாசித்தார். ஹாண்டல் இறந்து அப்போது நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த தீம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1733இல் வெளியான ஹாண்டலின் ஹார்ப்சிகார்டு ஸ்வீட்டுகளின் இரண்டாம் தொகுதியில், பி ஃப்ளாட் மேஜர் ஸ்வீட்டில் ஒரு சின்ன ‘ஆரியா’. நான்கு பார், திரும்ப ஒருமுறை. இன்னொரு நான்கு பார், அதுவும் திரும்ப. அவ்வளவுதான். மெட்டு படிப்படியாக ஏறுகிறது, ட்ரில்களால் மினுக்குகிறது. கார்டுகள் எந்தக் குழந்தையும் ஊகிக்கக்கூடியவை. ஹாண்டலே அதன்மேல் ஐந்து வேரியேஷன் எழுதியிருக்கிறார். அவை நீங்கள் எழுதுவதைப் போன்றவைதான்: ஓட்டம், இன்னும் கொஞ்சம் ஓட்டம். அந்தக் காலத்துக்கு அது போதும், அழகாகவும் இருக்கிறது. ஆக, ‘ஹாண்டலைப் போல எழுதுகிறேன்’ என்று உங்களில் யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். அதை ஹாண்டல் எழுதிவிட்டார் என்று மட்டும் நினைவூட்டுவேன்.

இப்போது பிராம்ஸின் ஸ்கோரைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 25 வேரியேஷனில் ஐந்தாவதும் ஆறாவதும் பதின்மூன்றாவதும் பி ஃப்ளாட் மைனர். இருபத்தொன்றாவது ஜி மைனர். மீதி அத்தனையும் பி ஃப்ளாட் மேஜர். இருபத்தைந்து நிமிடத்துக்குமேல் ஓடும் ஒரு படைப்பு, வீட்டைவிட்டு வெளியே கால்வைப்பது ஒரே ஒரு முறை. நாலு பார், நாலு பார் என்ற அளவும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அப்படியே. முதல் பாதி எங்கே போய் நிற்கிறது, இரண்டாம் பாதி எங்கே திரும்பி வருகிறது என்பதும் பெரும்பாலும் அப்படியே. இவ்வளவு கட்டிப்போட்டுவிட்டு அவர் உள்ளே என்ன செய்கிறார் பாருங்கள். ஆறாவதில் இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று துரத்தும் கேனன். பதின்மூன்றாவதில் ஹங்கேரிய வாடை வீசும் கனத்த நடை. பத்தொன்பதாவது சிசிலியானா, ஆடிக்கொண்டே போகிறது. இருபதாவதில் ஸ்வரங்கள் அரை அரைப் படியாக நகர்ந்து, நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே கொஞ்ச நேரம் புரிவதில்லை. இருபத்திரண்டாவது சாவி கொடுத்த பாட்டுப் பெட்டி மாதிரி உயரத்தில் கிணுகிணுக்கிறது. இருபத்துமூன்றிலிருந்து மூச்சு முட்ட ஏற்றம், இருபத்தைந்தில் வெற்றி முழக்கம், அதன்பிறகு ஃப்யூக். அந்த ஃப்யூகின் சப்ஜெக்டே ஹாண்டலின் மெட்டில் ஏறும் படிகளிலிருந்து பிறந்தது.

ஹாண்டலின் மெட்டு இவற்றில் பலவற்றில் காதுக்கே கேட்பதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் அந்த எட்டு பார் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறது. நாலாவது பாரில் எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிகிறது. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் மேலே எதைச் செய்தாலும் கேட்பவர் கூடவே வருகிறார். நீங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. மெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதனாலேயே வேறு எதையும் மாற்ற முடியாமல் நிற்கிறீர்கள்.

1864இன் தொடக்கத்தில் வியன்னாவில் பிராம்ஸ் இந்த ஹாண்டல் வேரியேஷன்களை வாக்னருக்கு வாசித்துக் காட்டினார். பின்னாளில் இரண்டு எதிர் முகாம்களின் கொடிகளாக ஆக்கப்பட்ட இருவர். கேட்டு முடித்த வாக்னர், தெரிந்தவர் கையில் கிடைத்தால் பழைய வடிவங்களால் இன்னும் எவ்வளவோ செய்ய முடியும் என்கிற அர்த்தத்தில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வாக்னர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. ‘பழைய’ என்பதில் கொஞ்சம் முள் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

இறந்துபோன ஹாண்டலை விடுங்கள். உயிரோடிருக்கும் ஒருவருடைய தீம் என்றால், அதுவும் நோயில் விழுந்துகிடப்பவருடையது என்றால்?

1854 பிப்ரவரி 27 அன்று ராபர்ட் ஷூமான் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டு, மார்ச்சில் பான் நகருக்கு அருகே எண்டெனிக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். அப்போது கிளாராவின் வயிற்றில் ஒரு குழந்தை. அந்தக் கோடையில், அந்த வீட்டுக்குத் துணையாக இருந்த 21 வயது பிராம்ஸ், ஷூமானின் எஃப் ஷார்ப் மைனர் துண்டு ஒன்றை எடுத்து 16 வேரியேஷன் எழுதினார். ஓபஸ் 9. அதே தீமில் முந்தைய ஆண்டு, கணவரின் பிறந்தநாளுக்காக, கிளாராவும் எழுதியிருந்தார்: ஓபஸ் 20, ஏழு வேரியேஷன்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

கிளாரா மெட்டைக் கைவிடுவதில்லை. பெரும்பாலான இடங்களில் அது ஏதோ ஒரு குரலில் தெளிவாகக் கேட்கிறது, சுற்றியிருப்பவைதான் மாறுகின்றன. இது என் குற்றச்சாட்டுக்கு எதிரான சான்று என்று நீங்கள் கைதூக்குவீர்கள். சரிதான். ஆனால் அந்தச் சுற்றம் எவ்வளவு மாறுகிறது என்றும் பாருங்கள்: உள்குரல்கள் நகர்கின்றன, மெட்டுக்குக் கீழே ஹார்மனி புதிதாக நிறம் எடுக்கிறது. மெட்டைப் பிடித்துக்கொள்வதென்று அவர் முடிவெடுத்துச் செய்திருக்கிறார். உங்கள் ஸ்கோர்களில் அந்த முடிவு எடுக்கப்பட்டதற்கான தடயம் இல்லை. (இவ்வளவு தெரிந்தவர் அந்த ஆண்டுக்குப்பின் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். வாசிப்பும் குழந்தைகளும் வருமானமும் அவரைத் தின்றுவிட்டன. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.)

பிராம்ஸ் வேறு வழியில் போகிறார். முதல் வேரியேஷனிலேயே ஷூமானின் மெட்டை இடது கைக்கு இறக்கிவிடுகிறார். இரண்டாவதில் மெட்டு போய்விடுகிறது, பாஸ் மட்டும் நிற்கிறது. எட்டாவது, பதினாலாவது, பதினைந்தாவது எல்லாம் கேனன்கள். ஒன்பதாவது, இந்த தீம் இடம்பெற்ற ஷூமானின் தொகுப்பிலுள்ள இன்னொரு துண்டின் நடையிலேயே எழுதப்பட்டது. பத்தாவதில், உள்ளே, சாதாரணமாகக் காதில் விழாத ஓர் இடத்தில், கிளாரா சிறுமியாக இருந்தபோது எழுதிய ஒரு மெட்டு வந்து போகிறது. அதே மெட்டின்மேல் ஒரு காலத்தில் ஷூமானும் எழுதியிருக்கிறார். கடைசி வேரியேஷன் எஃப் ஷார்ப் மேஜர், மிக மெல்லிய ஒலி. அங்கே ஷூமானிடமிருந்து மிஞ்சியிருப்பது பாஸ்தான், அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக கார்டுகள். இருபத்தொரு வயதில் இதை எழுதிய ஒருவர் முப்பத்தைந்து வயதில் ‘பாஸ்தான் முக்கியம்’ என்று கடிதம் எழுதியதில் ஆச்சரியம் இல்லை. ஓபஸ் 9இன் பிரதி எண்டெனிக்குக்குப் போயிற்று. ஷூமான் மகிழ்ந்து பதில் எழுதினார்.

அந்தப் பத்தாவது வேரியேஷனைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களில் ஒருவர், நேசிக்கும் இசையமைப்பாளரின் நான்கு புகழ்பெற்ற மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசி வேரியேஷனில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கச்சேரியில் கைதட்டல் வரும். ஆனால் பிராம்ஸ் கிளாராவின் மெட்டை ஒளித்துவைத்தார். தேவைப்பட்டவருக்குத் தெரியும்படி, மற்றவருக்கு வெறும் உள்குரலாக. கட்டலோனிய இசையமைப்பாளர் ஃபெடெரிக்கோ மொம்போவும், ஷோப்பனின் ஏ மேஜர் பிரெலூடின்மேல் எழுதியபோது, ஓரிடத்தில் ஃபான்டேஸி இம்ப்ராம்ப்டுவின் சாயலைத் தொட்டுவிட்டுப் போகிறார். அவர் அதை ஒளிக்கவில்லை, அவருடையதில் அது பொருந்தியும் வருகிறது. ஒன்று போதும். நான்கு வேண்டாம்.

அந்த மொம்போவை இங்கே யாரும் வாசிப்பதில்லை, வாசியுங்கள். 1938இல் தொடங்கி 1957இல்தான் முடித்தார். மூன்றாவது வேரியேஷன் இடது கைக்கு மட்டும். இடது கையை மறந்தவர்களுக்கு நல்ல மருந்து.

‘பாஸ், பார், கேடன்ஸ் என்று கணக்குப் போட்டால் உணர்ச்சி எங்கே?’ என்று ஒருவர் ஸ்கோரின் ஓரத்தில் எழுதியிருந்தார். அவருக்கு ரக்மானினாஃபின் பகனினி ராப்சடியைச் சொல்வேன். 1934இல் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியது, பகனினியின் இருபத்துநான்காவது காப்ரீஸின்மேல் 24 வேரியேஷன்கள். அதன் பதினெட்டாவதைக் கேட்டு உருகாதவர் குறைவு. பல சினிமாக்களில் காதல் காட்சிக்கு அது போயிருக்கிறது. அந்த மெட்டு என்ன? பகனினியின் ஏ மைனர் தீம்தான், தலைகீழாகக் கவிழ்த்தது. ஏறிய இடத்தில் இறங்கி, இறங்கிய இடத்தில் ஏறி, டி ஃப்ளாட் மேஜருக்கு மாற்றி, மெதுவாக்கியது. காகிதத்தில் செய்யக்கூடிய வேலை. அவர் காகிதத்தில் செய்தார், பிறகு எங்கே மூச்சு விட வேண்டும் என்று தேடினார். கணக்கு அவருடைய உணர்ச்சிக்குத் தடையாக வந்து நிற்கவில்லை.

ஷோப்பனின் சி மைனர் பிரெலூட் எடுத்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஓபஸ் 28, எண் 20. 13 பார்தான். அதில் பாஸ் வெகு அழகு: இரண்டாவது நான்கு பாரில் அது அரைப்படி அரைப்படியாக இறங்குகிறது. புசோனி அதன்மேல் எழுதினார், ரக்மானினாஃபும் 1902-03இல் 22 வேரியேஷன் எழுதினார். ஆபத்து என்னவென்றால், அந்த தீம் ஏற்கெனவே முழுமை பெற்றது. ஒவ்வொரு பீட்டிலும் ஒரு கனத்த கார்டு. உள்ளே நுழைய இடமே இல்லை. ரக்மானினாஃப் என்ன செய்தார்? முதல் வேரியேஷனில் கார்டுகளையெல்லாம் தூக்கிவிட்டு ஒற்றைக் கோடாக எழுதினார். வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் குடிவந்தார். நீங்கள் எல்லோரும் முதல் வேரியேஷனிலேயே இன்னும் நாலு ஸ்வரம் சேர்க்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு ஹாண்டல் மாதிரி ஒல்லியான தீம் எடுங்கள். நீங்கள் மிகவும் நேசிக்கும் துண்டு பெரும்பாலும் உங்களுக்கு உதவாது. அதில் குறை எதுவும் உங்கள் கண்ணில் படவே படாது, படாவிட்டால் சேர்ப்பதற்கும் எதுவும் இருக்காது. பீத்தோவனுக்கு டயபெல்லியின் வால்ட்ஸ்மேல் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. 33 வேரியேஷன் கிடைத்தது.

எத்தனை எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரக்மானினாஃப் அந்த ஷோப்பன் வேரியேஷன்களில் சிலவற்றை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்று பதிப்பிலேயே குறிப்புப் போட்டார். 1931இல் எழுதிய கொரெல்லி வேரியேஷன்களில் இன்னும் ஒரு படி மேலே போனார். நண்பர் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: சபையில் இருமல் கூடினால் அடுத்த வேரியேஷனைத் தாண்டிவிடுவாராம், இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பாராம். ஒரு சின்ன ஊரில் இருபதில் பத்துதான் வாசிக்க முடிந்ததாம். வேடிக்கையாகச் சொன்னாலும் உள்ளே கசப்பு இருக்கிறது. உங்களுக்கு ஆறு போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு யோசனை. கேனன் என்றால் கடைசிவரை கேனன், ஆக்டேவ் என்றால் கடைசிவரை ஆக்டேவ். பாதியில் சலித்து இன்னொன்றுக்குத் தாவினால் இரண்டும் போய்விடும்.

அடுத்த முறை எனக்கு அனுப்பும்போது இப்படிச் செய்யுங்கள். தீமின் பாஸை மட்டும் தனி வரியில், கையால், காகிதத்தில் எழுதுங்கள். பார்களுக்கு எண் போடுங்கள், கேடன்ஸ் வரும் இடங்களில் கோடிடுங்கள். அந்த பாஸை இடது கையால் மட்டும் வாசியுங்கள், அது சலிக்காமல் தனியாக ஒரு பாட்டு போலக் கேட்க ஆரம்பிக்கும்வரை. பிறகு ஹாண்டலோ ஷூபர்ட்டோ எழுதிய மெட்டை மூடிவைத்துவிட்டு, அந்த பாஸுக்கு நீங்கள் ஒரு மெட்டு போடுங்கள். அதுதான் உங்கள் முதல் வேரியேஷன். மென்பொருளை அதன்பிறகு திறந்தால் போதும். அது எதை எழுதினாலும் வாசித்துக்காட்டிவிடும், உங்கள் கை எட்டுமா என்று கேட்காது.

தலைப்புப் பக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், யாருடைய தீம் என்று சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். கொரெல்லி வேரியேஷன்கள் என்று ரக்மானினாஃப் பெயரிட்டதில் இருப்பது கொரெல்லியின் மெட்டே அல்ல, ‘லா ஃபோலியா’ என்னும் அவருக்கும் முந்தைய ஐபீரிய மெட்டு. கொரெல்லியும் 1700இல் வந்த தன் வயலின் சொனாட்டாவில் அதை எடுத்துத்தான் எழுதினார். பிராம்ஸ் 1873இல் ஹைடனுடையது என்று நம்பி எடுத்த தீம் ஹைடனுடையதாக இருக்க வாய்ப்பில்லை என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. அதன் ஐந்து ஐந்து பார் சொற்றொடர்கள் பிராம்ஸை இழுத்தன. யார் எழுதியிருந்தாலும் இழுத்திருக்கும். ஆனால் நமக்கு இன்று நூலகமும் பதிப்புகளும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உங்களில் ஒருவர் அனுப்பிய ‘மொஸார்ட் தீம்’ ஒரு பிரெஞ்சு நாட்டுப்புற மெட்டு. மொஸார்ட்டும் உங்களைப் போல அதை எடுத்து வேரியேஷன் எழுதியவர்தான். அதைத் திருத்திவிட்டு, நாலாவது வேரியேஷனின் இடது கையையும் மறுபடி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்கோர்களைப் படிக்கும் ஒருவர்